டிஸ்க்கை மாற்றினால் பாட்டு மாறுமா?

பத்துப் பன்னிரண்டு வருடத்துப் பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டின் ஓர் அறையில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இன்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கோவில் திருவிழாவுக்குப் பக்திப் பாட்டு, சர்ச் கொயர், குறும்படத்துக்குப் பின்னணி இசை, யூடியூபுக்குக் கவர் பாட்டு என்று வேலைக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியதும் அவர்கள் காதில் விழும் முதல் ஆலோசனை: "எஸ்.எஸ்.டி. போட்டுடுங்க, எல்லாம் சரியாயிடும்." சென்னை ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைக்காரரும் அதையே சொல்வார், கூட கீபோர்டு வாசிக்கும் நண்பரும் அதையே சொல்வார்.

ஆலோசனையில் தவறில்லை. அந்த "எல்லாம்" என்ற சொல்லில்தான் சிக்கல். ஒலிப்பதிவு என்பது டிஸ்க்குக்கு மிகச் சின்ன வேலை. எஸ்.எஸ்.டி. பெரிய மாற்றம் தருவது வேறு இடங்களில். இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதால், பணம் போட்டவர்களில் பாதிப்பேர் ஏமாந்ததாக நினைக்கிறார்கள். மீதிப்பேர் நடக்காத ஒன்றை நடந்ததாகக் கேட்கிறார்கள்.

நம்பிக்கை: நிறைய டிராக் பதிவு செய்ய ஹார்ட் டிஸ்க்கின் வேகம் போதாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பதிவில் ஒரு மைக், விநாடிக்கு 48,000 எண்களை அனுப்புகிறது. ஒவ்வொரு எண்ணும் 3 பைட். ஆக ஒரு டிராக்குக்கு விநாடிக்கு 1,44,000 பைட். மிருதங்கத்துக்கு இரண்டு, வயலினுக்கு ஒன்று, பாடகருக்கு ஒன்று என்று தொடங்கி 24 டிராக் வரை போனாலும் விநாடிக்கு 3.5 எம்.பி.யைத் தாண்டாது. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் சாதாரண லேப்டாப் டிஸ்க்கே, வரிசையாக எழுதும்போது விநாடிக்கு 60, 70 எம்.பி. எழுதிவிடும். அதாவது 24 டிராக் பதிவு அதன் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் 2001-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த வருடம் அலெசிஸ் நிறுவனம் எச்டி24 என்ற ரெக்கார்டரைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரே தேவையில்லை, பெட்டிக்குள் இருந்தது கடையில் வாங்கக்கூடிய சாதாரண ஐடிஇ ஹார்ட் டிஸ்க்தான். அதில் 24 டிராக்கை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். மேடைக் கச்சேரிகளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்று நாம் "ரொம்பப் பழசு" என்று ஒதுக்கும் எந்த டிஸ்க்கும் அதைவிட மெதுவானதாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் ஒரு இடத்தில் ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே தடுமாறும். பாடகர் பல்லவியை எட்டுத் தடவை பாடுகிறார். முதல் சொல்லை மூன்றாவது டேக்கிலிருந்தும், அடுத்ததை ஏழாவதிலிருந்தும் வெட்டி ஒட்டுகிறோம். கோரஸுக்கும் அப்படியே. முடிவில் 40 டிராக், நூற்றுக்கணக்கான துண்டுகள். இப்போது பிளே அழுத்தினால் டிஸ்க்கின் ஊசிமுனை வரிசையாகப் படிக்க முடியாது; கூட்டமான டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் ஒரே கண்டக்டர் மாதிரி முன்னும் பின்னும் ஓட வேண்டும். 5,400 சுற்று டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிவிநாடி ஆகிறது. தேடும் இடம் முனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அதில் பாதி. முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு தாவலுக்கும் 15 மில்லிவிநாடிக்கு மேல் போய்விடும். விநாடிக்கு அறுபது, எழுபது தாவல்தான் முடியும். விநாடிக்கு இத்தனை எம்.பி. என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு இங்கே அர்த்தமே இல்லை. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு தாவலுக்கு 0.1 மில்லிவிநாடிதான்.

நம்பிக்கை: எஸ்.எஸ்.டி. போட்டால் லேட்டன்சி குறையும், கரகரப்பு நின்றுவிடும்.

அதிகப் பணத்தை வீணடிக்கும் நம்பிக்கை இதுதான்.

ஹெட்போனில் பாடகரின் குரல் கொஞ்சம் தாமதமாக அவருக்கே திரும்பிக் கேட்கிறது. பாட முடியவில்லை என்கிறார். இந்தத் தாமதத்தில் டிஸ்க்குக்குப் பங்கே கிடையாது. குரல் மைக்கிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு, அங்கிருந்து ராமுக்கு, பிராசசருக்கு, திரும்பவும் இன்டர்ஃபேஸுக்கு என்று போகிறது. வழியில் எங்கேயும் டிஸ்க் குறுக்கிடுவதில்லை. பதிவாவது தனியாக, பின்னால், அவசரமில்லாமல் நடக்கிறது. தாமதத்தைத் தீர்மானிப்பது பஃபர் அளவு, அதாவது ஒரு தவணையில் எத்தனை எண்களை (சாம்பிள்களை) சேர்த்து அனுப்புகிறோம் என்பது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிவிநாடி. 1,024 என்று வைத்திருந்தால் 21 மில்லிவிநாடிக்கு மேல். உலகிலேயே விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.யைப் போட்டாலும் இந்த எண்கள் மாறப்போவதில்லை.

அப்படியானால் பஃபரைக் குறைத்துவிடலாமே? குறைக்கலாம். அப்போதுதான் பழைய பிராசசர் மூச்சு வாங்கும். "டிக் டிக்" என்று கரகரக்கும். பாடகர் டிராக்கில் ரிவர்ப், கம்ப்ரஸர், பிட்ச் திருத்தும் பிளக்-இன் என்று ஏற்றிவைத்துவிட்டு டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை. பாடும்போது பிளக்-இன்களை அணைத்துவிட்டு பஃபரைக் குறைப்பது, மிக்ஸ் செய்யும்போது பஃபரை ஏற்றிக்கொள்வது என்ற பழைய வழக்கம் காசில்லாமல் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் அதைத் தட்டினாலே போதும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கரகரப்புக்கு இன்னொரு ரகசியக் காரணம் வைஃபை டிரைவர். அது பிராசசரை இடையிடையே பிடித்து நிறுத்திவைக்கும். லேட்டன்சிமான் என்ற இலவச சாஃப்ட்வேரை ஓடவிட்டால் குற்றவாளி எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டிவிடும். பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்துப் பார்ப்பதற்கு அதுகூட வேண்டாம்.

டிஸ்க்தான் காரணம் என்றால் பெரும்பாலும் சாஃப்ட்வேரே சொல்லும். புரோ டூல்ஸில் பழகியவர்களுக்கு -9073 என்ற எண்ணைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். டிஸ்க் வேகம் போதவில்லை என்ற பிழைச் செய்தி அது. கியூபேஸில் பிராசசருக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று என்று இரண்டு மீட்டர்கள் இருக்கின்றன. ரீப்பரின் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரும் டிஸ்க் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று தனியாகக் காட்டும். டிஸ்க் வாங்கக் கிளம்பும் முன் இந்த மீட்டரைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

நம்பிக்கை: எஸ்.எஸ்.டி.யில் பதிந்தால் ஒலி தெளிவாகக் கேட்கும்.

கேட்காது. ஒரே எண்கள், எந்த டிஸ்க்கில் வைத்தாலும் ஒரே எண்கள்தான். இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அதே பாட்டை எடுத்து ஒன்றின் ஃபேஸைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓட்டினால் முழு அமைதிதான் மிஞ்சும்.

ஆனால் பதிவு சுத்தமாவது வேறு வழியில் உண்மை. ஹார்ட் டிஸ்க் ரீங்காரமிடும், கரகரவென்று தேடும். மைக்கும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருக்கும் வீட்டு ஸ்டூடியோவில் அந்தச் சத்தம் தம்புராவுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். எஸ்.எஸ்.டி. ஊமை. ஃபேன் சத்தம் மட்டும் மிச்சம். இதில் ஒரு விதிவிலக்கு: 2009 முதல் 2011 வரை வந்த ஐமேக்குகள். அவை வெப்பநிலையைத் தங்களோடு வந்த ஹார்ட் டிஸ்க்கிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளும். அதைக் கழற்றி வேறு டிஸ்க்கைப் போட்டால் தகவல் வராது. பயந்துபோய் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிடும். அமைதிக்காக டிஸ்க் மாற்றியவர் அறையில் ஜெட் விமானம். இதற்கென்றே வெப்பநிலை சென்சார் உள்ள கேபிள் விற்கிறார்கள். ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேரும் இருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

நம்பிக்கை: பழைய மதர்போர்டில் எஸ்.எஸ்.டி. போடுவது வீண், வேகம் பாதிதான் கிடைக்கும்.

பாதி என்பது உண்மை, வீண் என்பது பொய். சாட்டா இணைப்பில் மூன்று தலைமுறை உண்டு: அதிகபட்சம் விநாடிக்கு 150, 300, 600 எம்.பி. எஸ்.எஸ்.டி. 550 வரை போகும். இரண்டாம் தலைமுறை சாட்டா உள்ள கம்ப்யூட்டரில் அது 270 பக்கம் நின்றுவிடும். ஆனால் நமக்குத் தேவை அந்த எண் அல்ல. மேலே சொன்ன தாவல் நேரம் இருக்கிறதே, அது எந்தத் தலைமுறை சாட்டாவிலும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

அந்தத் தாவல் நேரம் உண்மையில் உயிர் கொடுப்பது சாம்பிள் லைப்ரரிகளுக்கு. வயலின் கூட்டம், கிராண்ட் பியானோ, தபலா என்று பதிவு செய்து வைத்த ஸ்வரங்களைக் கீபோர்டிலிருந்து இசைக்கும் சாஃப்ட்வேர்கள் பல ஜி.பி. அளவுள்ளவை. அத்தனையையும் ராமில் ஏற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, விரல் பட்டதும் மீதியை டிஸ்க்கிலிருந்து இழுக்கும். 1998-ல் நெமிசிஸ் நிறுவனத்தின் கிகாசாம்ப்ளர் இந்த உத்தியைப் பிரபலமாக்கியது; இன்றைய கான்டாக்ட்டும் அதே வழியில்தான் நடக்கிறது. பெடலை மிதித்துக்கொண்டு பியானோவில் ஒரு ஓட்டம் ஓடினால், பல மைக் நிலைகளும் பல அடுக்குகளும் சேர்ந்து 200 ஸ்டீரியோ குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது சாதாரணம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அது விநாடிக்கு 53 எம்.பி. இந்த எண் பெரிதில்லை. ஆனால் அது 200 வெவ்வேறு இடங்களிலிருந்து வர வேண்டும். விநாடிக்கு எழுபது தாவல் தாவும் ஹார்ட் டிஸ்க் இங்கே கை தூக்கிவிடும். ஸ்வரங்கள் பாதியில் அறுந்து விழும்.

எஸ்.எஸ்.டி. வந்ததும் இன்னொரு லாபத்தைப் பலர் எடுத்துக்கொள்வதில்லை. டிஸ்க் உடனே பதில் சொல்வதால், தொடக்கத் துண்டுக்கு ராமில் ஒதுக்கும் இடத்தைக் குறைக்கலாம். கான்டாக்ட்டில் ஒரு ஸ்வரத்துக்கு வழக்கமாக 60 கே.பி. ஒதுக்கியிருக்கும். அமைப்புகளில் போய் அதைக் கணிசமாகக் குறைத்தால், 8 ஜி.பி. ராம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் முன்பு ஏறாத வாத்தியங்களும் ஏறும். எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டு இந்த ஒரு எண்ணை மாற்றாமல் விடுவது பாதி லாபத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது.

பழைய கம்ப்யூட்டருக்கு என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி. இன்னும் வேகம் என்று யாராவது சொன்னால் மட்டும் நிதானிக்க வேண்டும். 2014-க்கு முந்தைய பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸுக்கு அதிலிருந்து விண்டோஸைத் தொடங்கத் தெரியாது. பிசிஐஇ அடாப்டர் கார்டில் மாட்டி, சாம்பிள் லைப்ரரிக்கு மட்டும் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டருக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யே பொருத்தம்.

2012-ல் வந்து 2016 வரை விற்பனையில் இருந்த, டிவிடி டிரைவ் உள்ள 13 அங்குல மேக்புக் புரோவை இன்றும் பல இசைக்கலைஞர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். அதில் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள் நாளாக நாளாகப் பழுதாவது பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புது எஸ்.எஸ்.டி. போட்டும் வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் வசதிக்கு டிரிம் என்று பெயர். வேறு கம்பெனி எஸ்.எஸ்.டி.க்கு மேக்கில் அது தானாக இயங்காது. 2015-ல் வந்த 10.10.4 பதிப்பிலிருந்து டிரிம்ஃபோர்ஸ் என்ற கட்டளையால் அதை இயக்கலாம். விண்டோஸில் 7-லிருந்து டிரிம் தானாகவே உண்டு. பழைய இன்டர்ஃபேஸுக்கு டிரைவர் கிடைக்காமல் எக்ஸ்பியிலேயே தங்கிவிட்டவர்களுக்குத்தான் இல்லை.

நம்பிக்கை: பாட்டுகளுக்குத் தனி டிஸ்க் கட்டாயம்.

ஹார்ட் டிஸ்க் காலத்தில் இது சட்டம். ஒரே ஊசிமுனை விண்டோஸின் ஃபைலுக்கும் பாட்டுக்கும் மாறி மாறி ஓடினால் பதிவு அறுந்துவிடும் என்பதால், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் நிறுவனங்களே தனி 7,200 சுற்று டிஸ்க் கேட்டன. எஸ்.எஸ்.டி.யில் அந்தக் காரணம் போய்விட்டது. ஒரே 1 டி.பி. டிஸ்க்கில் எல்லாம் ஓடும். ஒரே டிஸ்க்கைப் பார்ட்டிஷன் போட்டு இரண்டாகப் பிரிப்பதால் ஹார்ட் டிஸ்க்கிலும் வேகம் கூடாது, எஸ்.எஸ்.டி.யிலும் கூடாது. விண்டோஸை அழித்து மறுபடி போடும்போது பாட்டுகள் தப்பிக்கும் என்ற வசதிக்காகப் பிரிப்பதானால் தாராளமாகப் பிரிக்கலாம்.

சாம்பிள் லைப்ரரிக்கும் பாட்டுக்கும் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதவில்லை என்றால், லைப்ரரியை அதில் வைத்துக்கொண்டு பதிவை ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பலாம். பலரும் செய்வது நேர் எதிர்.

வெளியே மாட்டும் டிஸ்க்கில் கச்சேரி பதிபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் அந்த எல்லை இரண்டு மணி நேரம் நாலு நிமிடத்தில் வந்துவிடும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அது தனி ஆவர்த்தனத்துக்குப் பக்கத்தில் வரும். சில சாஃப்ட்வேர்கள் அங்கே புது ஃபைலைத் தொடங்கும், சில நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொண்டால் தொல்லையில்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் அது திறக்கும்.

நம்பிக்கை: எழுதி எழுதி எஸ்.எஸ்.டி. தேய்ந்து செத்துவிடும்.

தேயும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. 16 டிராக்கை, தினம் ஆறு மணி நேரம், நிறுத்தாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 50 ஜி.பி. ஆகும். சாம்சங் 870 ஈவோவின் 500 ஜி.பி. டிஸ்க்குக்கு 300 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் விடுமுறைகூட இல்லாமல் இதே வேகத்தில் எழுதினால் 6,000 நாள், அதாவது 16 வருடம் வரும். அதுவரை கம்ப்யூட்டர் தாங்காது. எஸ்.எஸ்.டி.யை டிஃபிராக் செய்வதை மட்டும் விட்டுவிடலாம். அதனால் பலன் இல்லை. எழுதும் கணக்குதான் ஏறும்.

மலிவான கியூஎல்சி வகை எஸ்.எஸ்.டி. வாங்கினால் பதிவு அறுந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து நகலெடுக்கும்போது அதன் உள் கேஷ் நிரம்பி, வேகம் சடாரென்று விழுவது உண்மை. சாம்சங்கின் 870 கியூவோ 1 டி.பி. டிஸ்க் அந்த நிலையில் விநாடிக்கு 80 எம்.பி.க்கு இறங்கும். நம் 24 டிராக் பதிவுக்கு வேண்டியது 3.5தான்.

நம்பிக்கை: இனி எல்லாப் பாட்டும் எஸ்.எஸ்.டி.யில் பத்திரம், கழற்றிய பழைய டிஸ்க் பேக்கப்புக்கு.

ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லும். மெதுவாகும், கிளிக் கிளிக் என்று அடிக்கும், சில ஃபைல்கள் திறக்காது. எஸ்.எஸ்.டி. நேற்று இருந்தது, இன்று இல்லை என்று போகும். தவறுதலாக அழித்த டேக்கை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்க ஓரளவு வழியுண்டு. டிரிம் இயங்கும் எஸ்.எஸ்.டி.யில் அழித்தது அநேகமாக அழிந்ததே. டிஸ்க் மாற்றும் நாளில் கவனிக்க இன்னொன்று: சில சாஃப்ட்வேர்கள் லைசென்ஸைப் பழைய டிஸ்க்கின் அடையாளத்தோடு கட்டிவைத்திருக்கும். கழற்றுவதற்கு முன்பே அவற்றை டீ-ஆக்டிவேட் செய்துவிட வேண்டும்.

எஸ்.எஸ்.டி.யில் பழைய ஆல்பங்களைப் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பது இன்னும் மோசமான யோசனை. அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். மின்னணுத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.களுக்கு வைத்திருக்கும் தேர்வு இது: சொன்ன அளவு முழுவதும் எழுதித் தீர்ந்த டிஸ்க், 30 டிகிரியில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும். புது டிஸ்க் இன்னும் பல மடங்கு தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். வேலூரில் மே மாதம் பூட்டிய பீரோவுக்குள் 30 டிகிரி என்பது நடக்காத காரியம்.

காப்பகத்துக்கு இன்றும் ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் கழற்றிய எட்டு வருடப் பழசு அல்ல. அதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற சாஃப்ட்வேரில் சோதித்து, மஞ்சள் எச்சரிக்கை காட்டாவிட்டால் உபரிப் பிரதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முக்கியப் பிரதிக்குப் புது டிஸ்க் ஒன்று, அதே பிரதியோடு இன்னொன்று வேறு வீட்டில். சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டையும் மாட்டி ஒரு ஃபைலையாவது திறந்து பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் சென்னை வீடுகளின் தரைத்தளத்துக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்த வேறு வீடு மாடியில் இருப்பது நல்லது என்று சொல்லத் தேவையில்லை.